மாணவர் அறிபுனை அனிமேஷனில் விஷுவல் எஃபெக்ட்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு முதல் ஐந்து நிமிடம் ஓடும் அறிவியல் புனைவுக் குறும்படத்தை, தனியாகவோ நான்கைந்து பேராகவோ சாதாரணக் கணினிகளில் செய்து முடிக்க நினைக்கும் மாணவர்களுக்கான பக்கம் இது. செய்முறைகள் பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளை வைத்துச் சொல்லப்பட்டுள்ளன. பட்டன், நோட் (ஒன்றோடொன்று கோர்த்து இணைக்கும் கட்டளைப் பெட்டி) பெயர்கள் 4.2 பதிப்பையும் அதை அடுத்து வந்தவற்றையும் ஒட்டியவை. வேறு மென்பொருளில் பெயர்கள் மாறும், காரணங்கள் மாறாது.

ஒரு படத்தில் எத்தனை எஃபெக்ட் ஷாட் வைத்துக்கொள்ளலாம்?

ஆசையை வைத்து முடிவு செய்யாதீர்கள், கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் மூன்று நிமிடப் படத்துக்கு 4,320 ஃபிரேம். ஒரு ஃபிரேம் ரெண்டர் ஆக (கணினி அதை இறுதிப் படமாகக் கணக்கிட்டு முடிக்க) 5 நிமிடம் பிடித்தால் மொத்தம் 360 மணி நேரம், அதாவது ஒரே கணினியில் இரவு பகலாக 15 நாள். இது எல்லாமே முதல் தடவையிலேயே சரியாக வந்தால். அப்படி வருவதில்லை. ஒவ்வொரு ஷாட்டையும் இரண்டு முறையாவது ரெண்டர் செய்ய நேரிடும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

ஸ்டோரிபோர்டு முடிந்தவுடன் ஒரு பட்டியல் போடுங்கள்: ஷாட் எண், ஃபிரேம் எண்ணிக்கை, என்ன எஃபெக்ட், ஒரு ஃபிரேமுக்கு எத்தனை நிமிடம். கடைசிக் கட்டத்தை ஊகித்து நிரப்பக் கூடாது. ஷாட்டின் முதல் ஃபிரேம், நடு ஃபிரேம், புகையோ ஒளியோ திரையை நிறைக்கும் மிக மோசமான ஃபிரேம் ஆகிய மூன்றையும் இறுதித் தரத்தில் ரெண்டர் செய்து பாருங்கள். மோசமான ஃபிரேம் மற்றவற்றைவிடப் பல மடங்கு நேரம் எடுப்பது சாதாரணம். கணக்கு இடித்தால் முதலில் 1920×1080-ஐ 1280×720 ஆக்குங்கள். பிக்சல் எண்ணிக்கை 2.25 மடங்கு குறையும். அதுவும் போதாவிட்டால் ஷாட்டையே வெட்டுங்கள். அரைகுறையாக வந்த பத்து வெடிப்புகளைவிட முழுதாக வந்த மூன்று வெடிப்புகள் படத்தைத் தூக்கி நிறுத்தும்.

எந்த மென்பொருள் வேண்டும்?

முப்பரிமாணமென்றால் மாடலிங் (உருவங்களை உண்டாக்குதல்), சிமுலேஷன் (புகை, தீ போன்றவற்றின் அசைவைக் கணினியே கணக்கிடுதல்), கம்பாசிட்டிங் (தனித்தனி லேயர்களை ஒரே படமாகச் சேர்த்தல்) மூன்றுக்கும் பிளெண்டர் ஒன்றே போதும். கையால் வரையும் எஃபெக்ட்டுகளுக்குக் கிரிட்டா அல்லது ஓப்பன்டூன்ஸ். தனிக் கம்பாசிட்டிங் மென்பொருள் வேண்டுமென்றால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் இருக்கும் ஃபியூஷன் பக்கம். கல்லூரியில் ஆப்டர் எஃபெக்ட்ஸ் இருந்தால் அதுவும் நன்றாகவே கைகொடுக்கும். எதை எடுத்தாலும் படம் பாதியில் இருக்கும்போது பதிப்பை மாற்றாதீர்கள். குழுவில் எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்கட்டும்.

எஃபெக்ட் தனியாகப் பார்த்தால் அழகாக இருக்கிறது. ஷாட்டில் வைத்தால் மேலே ஒட்டிய ஸ்டிக்கர் போல் தெரிகிறது. ஏன்?

மாணவர் படங்களில் பெரும்பாலான எஃபெக்ட்டுகள் தோற்பது இந்த இடத்தில்தான். எஃபெக்ட்டை இன்னும் விரிவாக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்து இன்னும் நுணுக்கமான சிமுலேஷனில் ஒரு வாரம் செலவழிப்பார்கள். உண்மையில் குறை எஃபெக்ட்டைச் சுற்றியுள்ள பொருட்களில் இருக்கிறது. வெளிச்சம் தரும் ஒரு பொருள் அறைக்குள் வந்துவிட்டால் முகம், சுவர், தரை எல்லாம் மாற வேண்டும். அவை மாறாவிட்டால் பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் கண் ஏற்காது.

முதல் வேலை, எஃபெக்ட் இருக்கும் இடத்தில் ஒரு பாயிண்ட் லைட்டோ ஏரியா லைட்டோ வைத்து, எஃபெக்ட்டின் நிறத்தையே அதற்கும் கொடுங்கள். அதன் பிரகாசத்தைக் கீஃபிரேம் செய்து (குறிப்பிட்ட ஃபிரேம்களில் அளவைப் பதித்து), எஃபெக்ட் கூடும்போது கூட்டி, குறையும்போது குறையுங்கள். எமிஷன் (தானே ஒளிரும் தன்மை) கொடுத்த பரப்பே சுற்றிலும் ஒளி தந்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். பிளெண்டரின் ரெண்டர் முறைகளில் ஒன்றான சைக்கிள்ஸில் ஒளி தரும், ஆனால் மெல்லிய, சிறிய பரப்பிலிருந்து வரும் ஒளி புள்ளிபுள்ளியாக நாய்ஸ் கொட்டும். இன்னொரு முறையான ஈவீயில் ரேடிரேசிங் (ஒளிக்கதிர்களின் வழியைத் தொடரும் கணக்கு) திரைக்குள் தெரிவதை வைத்தே கணக்கிடுவதால், எஃபெக்ட் ஃபிரேமுக்கு வெளியே போனதும் அதன் ஒளியும் காணாமல் போய்விடும். ஆகவே தனி லைட் வையுங்கள். சைக்கிள்ஸில் எமிஷன் பரப்பின் ஆப்ஜெக்ட் அமைப்பில் ரே விசிபிலிட்டியின் கீழ் டிஃப்யூஸை அணைத்துவிட்டால் இரட்டை ஒளியும் வராது, நாய்ஸும் வராது.

அடுத்தது கருமை. காட்சியில் மூடுபனியோ தூசியோ இருந்தால் தூரத்துப் பொருட்களின் கருமை முழுக் கறுப்பாக இருக்காது. அதே தூரத்தில் உள்ள எஃபெக்ட்டின் புகை மட்டும் கரிக்கறுப்பாக இருந்தால் உடனே பிரிந்து தெரியும். இரண்டின் கருமையையும் அருகருகே பெரிதாக்கிப் பார்த்துச் சமன் செய்யுங்கள்.

பிறகு ஃபோகஸ், மோஷன் பிளர் (அசைவினால் வரும் மங்கல்), கிரெய்ன் (படம் முழுவதும் பரவிய நுண்மணிகள்). பின்னணி மங்கலாக இருக்கும் ஷாட்டில் எஃபெக்ட் கூர்மையாக இருக்கக் கூடாது. கேமராவின் ஷட்டர் 0.5 (அரை ஃபிரேம் நேரம்) என்றால் எஃபெக்ட் லேயருக்கும் 0.5 தான், 24 ஃபிரேமில் இது 1/48 விநாடி எக்ஸ்போஷர். கிரெய்னைக் கடைசியில், எல்லா லேயரும் ஒன்றான பிறகு முழுப் படத்துக்கும் ஒரே அளவாகப் போடுங்கள்.

இந்த வேலை முழுவதும் ஒரு ஷாட்டுக்கு அரைநாள்தான். நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், சிமுலேஷனை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

லேசர் துப்பாக்கி ஷாட்டை ஃபிரேம் ஃபிரேமாக எப்படிக் கட்டுவது?

சுடுவதிலிருந்து தழும்பு ஆறும் வரை ஒரு முறை முழுதாகப் பார்க்கலாம்.

துப்பாக்கி முனையில் 1 ஃபிரேம் வெள்ளைப் பளிச்சிடல். லைட்டின் அளவு அதற்கு முந்தைய ஃபிரேமில் 0, இந்த ஃபிரேமில் உச்சம், அடுத்த 3 அல்லது 4 ஃபிரேமில் மீண்டும் 0. கீஃபிரேமின் இன்டர்போலேஷனை (இரண்டு கீஃபிரேம்களுக்கு இடையிலான மாற்றத்தை) லீனியர் (ஒரே சீர்) ஆக்குங்கள். இயல்பாக வரும் பெசியர் வளைவு தொடக்கத்தை மென்மையாக்கி, வெடுக்கென்ற உணர்வைக் கெடுத்துவிடும்.

அடுத்த ஃபிரேமில் ஒளிக்கீற்று கிளம்புகிறது. திரையின் முழு அகலத்தை (1920 பிக்சல்) 5 ஃபிரேமில் கடக்கிறது என்றால், ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 380 பிக்சல் நகர்வு. கீற்றின் நீளம் இந்த நகர்வைவிடக் குறைவாக இருந்தால், தொடர்ந்து பாயும் கோடாகத் தெரியாமல் விட்டுவிட்டுத் தாவும் துண்டுகளாகத் தெரியும். ஆகவே 400 பிக்சலாவது நீளம் கொடுங்கள். இரண்டு உருளைகள் போதும்: உள்ளே ஏறக்குறைய வெள்ளையான மெல்லிய கரு, வெளியே நிறமுள்ள தடித்த உறை. பயணிக்கும் கீற்றோடு ஒரு லைட்டைப் பேரன்ட் செய்துவிடுங்கள், கீற்று போகும் இடமெல்லாம் லைட்டும் போகும். சுவர் ஓரமாகப் போகும்போது வெளிச்சம் சுவரில் வழிந்து ஓடுவது மற்ற எல்லாவற்றையும்விட நம்பும்படி இருக்கும்.

பட்ட இடத்தில் 1 ஃபிரேம் வெள்ளை, பிறகு 8 முதல் 12 ஃபிரேமுக்குத் தீப்பொறிகள். பட்ட இடம் ஆரஞ்சிலிருந்து கருஞ்சிவப்பாகி 24 முதல் 36 ஃபிரேமில் அணைய வேண்டும். இந்த நிறமாற்றத்துக்கு, வெப்பநிலையை நிறமாக மாற்றும் பிளாக்பாடி நோடைப் பயன்படுத்தினால் நிறம் தேட வேண்டாம்; 3000-லிருந்து 1000 கெல்வின் வரை கீஃபிரேம் செய்யுங்கள். நிறத்தோடு எமிஷன் அளவையும் சேர்த்துக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிவந்த பல்பு போலவே நிற்கும்.

வெற்றிடத்தில் பாயும் லேசரைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, ஒளியைச் சிதறடிக்க அங்கே தூசியோ காற்றோ இல்லை. தெரியும்படி வைப்பது கதைசொல்லலுக்கான உரிமை, அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு ஷாட்டில் தெரிந்து இன்னொன்றில் தெரியாமல் இருக்கக் கூடாது.

புளூம் பட்டன் எங்கே போனது? ஒளிரும் நிறம் ஏன் வெளுத்துப் போகிறது?

பிரகாசமான இடங்களைச் சுற்றி ஒளிவட்டம் போடும் புளூம் வசதி ஈவீயில் இருந்தது, 4.2-இல் நீக்கப்பட்டது. இப்போது கம்பாசிட்டரில் கிளேர் நோடைச் சேர்த்து, அதில் புளூம் அல்லது ஃபாக் குளோ வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுப் படத்தையும் அதற்குள் அனுப்பினால் வெள்ளைச் சட்டையும் சேர்ந்து ஒளிரும். எமிஷன் பாஸை (ரெண்டரிலிருந்து தனியாக எடுக்கும் ஒளிர்வுப் படத்தை) மட்டும் அனுப்பி, வந்த ஒளிவட்டத்தைப் படத்தோடு ஆட் முறையில் கூட்டுங்கள்.

நிறம் வெளுப்பதற்குக் காரணம் எமிஷன் அளவு. சிவப்பு 0.1, பச்சை 0.4, நீலம் 1 என்ற நீலத்துக்கு 20 அளவு கொடுத்தால் மூன்றும் 2, 8, 20 ஆகும். திரை காட்டக்கூடிய உச்சம் 1 என்பதால் ஸ்டாண்டர்டு வியூவில் (வியூ என்பது ஒளி அளவுகளைத் திரை நிறங்களாக மாற்றும் அமைப்பு) மூன்றும் உச்சத்தில் இடித்து வெள்ளையாகிவிடும். 4.0 முதல் இயல்பாக வரும் ஏஜிஎக்ஸ் வியூவும் மிகப் பிரகாசமான நிறங்களை வெள்ளையை நோக்கியே கொண்டுபோகும், கொஞ்சம் நயமாக. நிறம் வேண்டுமென்றால் எமிஷனை 3 முதல் 8-க்குள் வைத்து, நிறத்தைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்துக்குக் கொடுங்கள். வியூ டிரான்ஸ்ஃபார்மைப் படத்தின் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். பாதியில் மாற்றினால் லைட்டிங் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

வெடிப்பை சிமுலேட் செய்வதா, வேறு வழி இருக்கிறதா?

கேமராவுக்கு மிக அருகில், கதையின் உச்சத்தில் வரும் ஒரு வெடிப்பை சிமுலேட் செய்யுங்கள். மற்றவை எல்லாம் அட்டைகளாக இருக்கலாம்.

சிமுலேஷனில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ரெசல்யூஷன், அதாவது சிமுலேஷன் நடக்கும் பெட்டி எத்தனை கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது என்பது. 64-ஐ 128 ஆக்கினால் இரட்டிப்பு வேலை என்று தோன்றும். நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டிப்பதால் கட்டங்கள் 8 மடங்காகின்றன. நினைவகமும் பேக் (சிமுலேஷனைக் கணக்கிட்டுச் சேமித்தல்) நேரமும் அதற்கேற்ப ஏறும். இன்னொரு சிக்கல், ரெசல்யூஷன் மாறினால் புகையின் உருவமே மாறும். 64-இல் பிடித்துப்போன சுருள் 256-இல் வரவே வராது. நேரக்கணக்கை மட்டும் 64-இல் பாருங்கள், உருவத்தை 128-இல் பார்த்து உறுதி செய்யுங்கள், அதற்கு மேல் நுணுக்கம் வேண்டுமென்றால் அடிப்படை ரெசல்யூஷனைத் தொடாமல் டொமைனில் (சிமுலேஷன் நடக்கும் பெட்டியில்) உள்ள, நுண்சுருள் சேர்க்கும் நாய்ஸ் வசதியால் கூட்டுங்கள்.

அடிக்கடி வரும் தவறுகள் மூன்று. புகையைக் கக்கும் பொருளை அணைக்காமல் விட்டால் வெடிப்பு புகைபோக்கியாகிவிடும். 2 முதல் 4 ஃபிரேமுக்கு மட்டும் இயக்கி யூஸ் ஃப்ளோவைக் கீஃபிரேமில் அணையுங்கள். ஃபைலைச் சேமிக்காமல் பேக் செய்தால் கேஷ் (சேமித்த கணக்கு) தற்காலிகக் கோப்புறைக்குப் போய்த் தொலைந்துவிடும். பேக் செய்யாமலே வேறு கணினிக்கு அனுப்பினால் அங்கே வேறு வெடிப்பு வரும், அல்லது எதுவுமே வராது.

அட்டை முறை இது. 48 ஃபிரேம் ஓடும் ஒரு வெடிப்பை இரண்டு கோணங்களில், ஆல்ஃபாவோடு (எங்கே ஊடாகத் தெரியும் என்ற தகவலோடு) ஒரே முறை ரெண்டர் செய்யுங்கள். பிறகு கேமராவை நோக்கி நிற்கும் தட்டைப் பரப்புகளில் அதை ஒட்டி, இடம் வலம் மாற்றி, சுழற்றி, அளவை மாற்றி, தொடக்க ஃபிரேமைத் தள்ளிவைத்துப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் பயன்படுத்தலாம். ஒரே ஷாட்டில் இரண்டு அட்டைகள் ஒரே ஃபிரேமில் தொடங்கினால் மட்டும் குட்டு வெளிப்பட்டுவிடும். கேமரா வெடிப்பைச் சுற்றி வருகிற ஷாட்டிலும் இது எடுபடாது.

நேரக்கணக்கு எந்த முறைக்கும் ஒன்றுதான்: 1 அல்லது 2 ஃபிரேம் பளிச்சிடல், 6 முதல் 10 ஃபிரேமில் தீக்கோளம் வேகமாக விரிந்து வேகம் தணிதல், பிறகு மெல்லச் சுருளும் புகை, எல்லாவற்றையும் தாண்டிப் பறக்கும் சிதறல்கள்.

எங்கள் பிரம்மாண்டமான விண்கலம் ஏன் பொம்மை போல் தெரிகிறது?

வேகம்தான் காரணம், பெரும்பாலும். பெரிய பொருட்கள் விழவும் கவிழவும் அதிக நேரம் எடுக்கும். 5 மீட்டரிலிருந்து விழும் பொருள் தரையைத் தொட 1 விநாடி, அதாவது 24 ஃபிரேம். 20 மீட்டரிலிருந்து விழ 2 விநாடி, 48 ஃபிரேம். உயரம் 4 மடங்கானால் நேரம் 2 மடங்கு. மினியேச்சர் படப்பிடிப்பில் 1/16 அளவு மாதிரியை விநாடிக்கு 96 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டுவதும் இதே வர்க்கமூலக் கணக்குதான். உங்கள் 20 மீட்டர் கோபுரம் 10 ஃபிரேமில் சரிந்தால் பார்ப்பவருக்கு அது ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை.

மற்றக் காரணங்கள்: பின்னணி அளவுக்கு மீறி மங்கலாக இருப்பது, விளிம்புகள் தடித்த வளைவோடு இருப்பது, அளவைக் காட்டும் சிறு விஷயங்கள் இல்லாதது. ஒரு கதவு, ஒரு ஏணி, சிறு ஜன்னல்களின் வரிசை வைத்தால் கண் தானாக அளந்துகொள்ளும்.

விண்வெளியில் வெடிப்பு எப்படி இருக்க வேண்டும்?

காற்று இல்லாததால் புகை சுருளாது, காளான் வடிவம் வராது. வாயு எல்லாத் திசையிலும் விரிந்து சீக்கிரம் நீர்த்துப்போகும். சிதறல்கள் நேர்கோட்டில், வேகம் குறையாமல், சுழன்றுகொண்டே போகும். பார்ட்டிகிளில் (சிதறல் துகள்களில்) வேகத்தைக் குறைக்கும் டேம்ப், டிராக் இரண்டும் 0, கிராவிட்டி 0. இந்த வகை சிமுலேட் செய்வதைவிட எளிது, ரெண்டரும் சீக்கிரம் முடியும். மாணவர் படத்துக்கு இதையே பரிந்துரைக்கிறோம்.

நட்சத்திரப் பின்னணி மங்கலாகவோ மினுங்கிக்கொண்டோ இருக்கிறதே?

மங்கலுக்குக் காரணம் படத்தின் அளவு. 360 டிகிரி பின்னணிப் படம் 4096 பிக்சல் அகலம், லென்ஸ் 50 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 மி.மீ. சென்சாரில் அந்த லென்ஸ் கிடைமட்டமாக 39.6 டிகிரியைத்தான் பார்க்கிறது. பின்னணியில் அதற்குரிய பங்கு ஏறக்குறைய 450 பிக்சல். அதை 1920-க்கு இழுத்தால் மங்கலாகாமல் என்ன செய்யும்? 16,384 பிக்சல் அகலம் இருந்தால் 1,800 கிடைக்கும். அவ்வளவு பெரிய படம் இல்லாவிட்டால் கணக்கிலிருந்தே உருவாகும் வோரொனோய் டெக்ஸ்சரால் நட்சத்திரங்களை உண்டாக்குங்கள், எவ்வளவு நெருங்கினாலும் கூர்மை கெடாது.

மினுங்கலுக்குக் காரணம் நட்சத்திரங்கள் ஒரு பிக்சலைவிடச் சிறியதாக இருப்பது. கேமரா நகரும்போது அவை பிக்சல்களுக்கிடையே விழுந்து எழுந்து தெறிக்கும். 1.5 முதல் 2 பிக்சல் அளவு, மென்மையான விளிம்பு. வேண்டுமென்றே கண்சிமிட்ட வைக்காதீர்கள். நட்சத்திரம் மின்னுவது காற்று மண்டலத்தால்தான்.

வெளிச்சத்துக்கு ஒரே ஒரு சன் லைட், கோணம் 0.53 டிகிரி. பூமியிலிருந்து சூரியன் தெரியும் அளவு அது, நிழல் விளிம்பு சரியான கூர்மையில் வரும். அருகில் கோள் இருந்தால் அதன் நிறத்தில் ஒரு மெல்லிய எதிரொளி. கோளின் வளிமண்டலத்தையும் தடிமனாக வைத்துவிடுகிறார்கள். பூமியின் ஆரம் 6,371 கி.மீ.; விண்வெளி தொடங்குவதாகக் கொள்ளப்படும் 100 கி.மீ. அதில் 1.6 சதவீதம்தான். ஆரத்தில் 10 சதவீதம் ஒளிவளையம் போட்டால் கோள் கோலிக்குண்டு ஆகிவிடும்.

கோளை உண்மையான அளவில் ஒரே காட்சிக்குள் வைக்கவும் வேண்டாம். பிளெண்டர் இடங்களை 32 பிட் எண்ணில் குறிப்பதால், மையத்திலிருந்து 1,000 கி.மீ. தள்ளிப்போனால் மிகச் சிறிய நகர்வே 6 செ.மீ. ஆகிவிடும். கலம் நடுங்கும், பரப்புகள் கிழிந்து தெரியும். கோளைச் சிறியதாகத் தனிக் காட்சியில் ரெண்டர் செய்து கம்பாசிட்டிங்கில் சேருங்கள்.

ஹாலோகிராம் உருவத்தின் உள்ளே பல்லும் கண்விழியும் தெரிகின்றன. எப்படித் தவிர்ப்பது?

ஒளி ஊடுருவும் மெட்டீரியல் கொடுத்ததால் வரும் பிரச்சினை. உருவத்துக்கு ஊடுருவாத எமிஷன் மெட்டீரியலைக் கொடுத்துத் தனி வியூ லேயரில் (காட்சியின் ஒரு பகுதிக்கு மட்டுமான அடுக்கில்) ரெண்டர் செய்யுங்கள், கம்பாசிட்டரில் ஆட் முறையில் பின்னணியோடு கூட்டுங்கள். முன்பக்கம் மட்டுமே தெரியும், பின்னணியும் ஊடாகத் தெரியும்.

விளிம்பு பிரகாசமாகவும் நடு மங்கலாகவும் இருக்க லேயர் வெயிட் நோடின் ஃபேசிங் வெளியீட்டைப் பயன்படுத்துங்கள். குறுக்குக் கோடுகளுக்கு வேவ் டெக்ஸ்சர். ஒரு கோடு திரையில் 3 பிக்சலுக்குக் கீழே போனால் அலைபாயும் வேறு வடிவங்கள் தோன்றிவிடும். துடிப்புக்குப் பிரகாசத்தை 5 முதல் 10 சதவீதம் ஏற்றி இறக்கினால் போதும், எப்போதாவது ஒரு முறை 2 ஃபிரேம் சட்டென்று மங்கட்டும். ஆட் முறையில் கறுப்பு என்பது எதுவும் இல்லாததற்குச் சமம். ஆகவே கறுப்பு முடியும் கறுப்பு உடையும் மறைந்துபோகும், அவற்றுக்கு ஒரு கருநீலமாவது கொடுங்கள். மேசையிலும் எதிரே நிற்பவர் முகத்திலும் அந்த நீல வெளிச்சம் விழ வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாதுகாப்புக் கவசத்தில் அடிபட்ட இடத்திலிருந்து அலை பரவ வேண்டும்.

அடிபடும் இடத்தில் ஒரு எம்ப்டியை (ரெண்டரில் தெரியாத வெற்றுக் குறிப்பொருளை) வையுங்கள். மெட்டீரியலில் டெக்ஸ்சர் கோஆர்டினேட் நோடின் ஆப்ஜெக்ட் கட்டத்தில் அந்த எம்ப்டியைத் தேர்ந்தெடுங்கள். அதன் வெளியீட்டை வெக்டர் மேத் நோடின் லெங்த் வழியாக அனுப்பினால் எம்ப்டியிலிருந்து உள்ள தூரம் கிடைக்கும். அதிலிருந்து கீஃபிரேம் செய்த ஓர் எண்ணைக் கழித்து, அப்சல்யூட் எடுத்து (கழித்தல் குறியை நீக்கி), மேப் ரேஞ்சில் 0 முதல் 0.1 வரையுள்ளதை 1 முதல் 0 ஆக மாற்றுங்கள். ஒரு வளையம் கிடைக்கும். எண் 0-லிருந்து ஏறும்போது வளையம் விரியும். எண் 0-இல் நிற்கும்போதே அடிபட்ட இடத்தில் ஒரு புள்ளி ஒளிரும் என்பதால், அடிக்கு முன்னால் எண்ணை −0.2-இல் வைத்திருங்கள். 12 முதல் 16 ஃபிரேமில் மொத்த ஒளியும் அணையட்டும். எம்ப்டியின் ஸ்கேல் மாறினால் தூரமும் மாறும், அதை 1-இல் விட்டுவிடுங்கள்.

எந்த ஃபார்மேட்டில் ரெண்டர் செய்வது?

நேரடியாக வீடியோவாக ஒருபோதும் வேண்டாம். 700-ஆவது ஃபிரேமில் கணினி நின்றால் முன்னால் உள்ள 699-உம் பயனற்றுப் போகலாம். படவரிசையாக ரெண்டர் செய்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அவுட்புட் அமைப்பில் ஓவர்ரைட்டை அணைத்து, பிளேஸ்ஹோல்டர்ஸை (வேலை தொடங்கிய ஃபிரேமுக்கு வெற்றுக் கோப்பு வைக்கும் வசதியை) இயக்கிவிட்டால், ஒரே பொதுக் கோப்புறையில் பல கணினிகள் ஆளுக்கொரு ஃபிரேமாக எடுத்துக்கொண்டு வேலை செய்யும்.

எஃபெக்ட் லேயர்களுக்கு இஎக்ஸ்ஆர் என்ற பட ஃபார்மேட்தான். காரணத்தை ஓர் இடத்தில் தெளிவாகப் பார்க்கலாம். ஒளிவட்டத்தின் ஓரத்தில் ஒளி இருக்கிறது, ஆனால் பின்னணியை மறைக்கும் பொருள் இல்லை. அதாவது நிறம் உண்டு, ஆல்ஃபா 0. இஎக்ஸ்ஆர் இதை அப்படியே வைத்துக்கொள்ளும். பிஎன்ஜியில் ஆல்ஃபா 0 என்றால் அந்தப் பிக்சல் எதையும் காட்டாது, ஒளி வெட்டப்பட்டு எஃபெக்ட்டைச் சுற்றிக் கறுப்பு ஓரம் வரும். அந்தக் கறுப்பு ஓரத்துக்கு மருந்து தேடி அலைபவர்கள் முதலில் ஃபார்மேட்டைப் பாருங்கள்.

நிறங்களுக்கு 16 பிட் ஹாஃப் போதும், கம்ப்ரஷன் ஜிப். பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்க உதவும் கிரிப்டோமேட் பாஸுக்கு மட்டும் 32 பிட் முழு ஃபிளோட்டும் இழப்பில்லாக் கம்ப்ரஷனும் கட்டாயம், ஏனென்றால் அந்த எண்கள் நிறமல்ல, பொருட்களின் அடையாளம். ஆழத்தைக் (கேமராவிலிருந்து உள்ள தூரத்தை) குறிக்கும் இசட் பாஸின் விளிம்புகள் படிக்கட்டாக இருக்கும். மூடுபனி சேர்க்க மட்டுமென்றால் மிஸ்ட் பாஸை எடுங்கள். எல்லா பாஸையும் டிக் செய்துவிடாதீர்கள்: 1920×1080-இல் ஒரு நான்கு சேனல் லேயர் கம்ப்ரஷனுக்கு முன் 16.6 எம்பி. 4,320 ஃபிரேமுக்கு 71 ஜிபிக்கு மேல், ஒரே ஒரு லேயருக்கு.

டீநாய்ஸ் செய்த பிறகும் படம் கொதிப்பது போல் அலைகிறதே?

நாய்ஸை நீக்கும் டீநாய்சர் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சுத்தம் செய்கிறது. சாம்பிள் (ஒரு பிக்சலுக்குக் கணக்கிடும் ஒளிக்கதிர்கள்) மிகக் குறைவாக இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறுவிதமாக ஊகிக்கும், அந்த ஊகங்களின் வேறுபாடுதான் அலைகிறது. சாம்பிளைக் கூட்டுவதுதான் நேர்வழி. அதற்கு முன் நாய்ஸின் ஊற்றைக் குறையுங்கள்: சிறு எமிஷன் பரப்புகளை லைட்டுகளாக மாற்றுங்கள், கண்ணாடி வழியே குவிந்து விழும் ஒளியான காஸ்டிக்ஸை அணையுங்கள், இன்டைரக்ட் கிளாம்ப்பை (எதிரொளியின் உச்ச வரம்பை) இயல்பான 10-லிருந்து 3 அல்லது 4 வரை இறக்கிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் இதிலேயே பெரும்பாலும் போய்விடும். டீநாய்சருக்கு ஆல்பிடோ (பரப்பின் நிறம்), நார்மல் (பரப்பு நோக்கும் திசை) பாஸ்களையும் கொடுத்தால் டெக்ஸ்சர் அழியாது.

கம்பாசிட்டிங்கில் எது முதலில், எது கடைசியில்?

டீநாய்ஸ், லேயர்களின் தனித்தனி நிறத்திருத்தம், லேயர்களைச் சேர்த்தல், மூடுபனி, ஃபோகஸ் மங்கல், ஒளிவட்டம், லென்ஸ் வளைவு, முழுப்பட நிறத்திருத்தம், கிரெய்ன். ஒளியைச் சேர்க்க ஆட் முறையை எடுங்கள். ஸ்கிரீன் முறையின் கணக்கு 0 முதல் 1 வரையுள்ள எண்களுக்கு எழுதப்பட்டது. இஎக்ஸ்ஆரில் 1-ஐத் தாண்டிய இரண்டு ஒளிகள் ஸ்கிரீனில் சந்தித்தால் கூடுவதற்குப் பதிலாக இருண்டுபோகும்.

இருபரிமாணத்தில் கையால் வரைகிறோம். இதெல்லாம் பொருந்துமா?

நேரக்கணக்கும் சுற்றியுள்ள பொருட்களின் வெளிச்சமும் அப்படியே பொருந்தும். பாத்திரங்கள் விநாடிக்கு 12 படமாக நகர்ந்தாலும் வேகமான எஃபெக்ட்டை 24 படமாக வரையுங்கள். மின்னலும் தீப்பொறியும் 12-இல் சோம்பலாகத் தெரியும். ஒளிர்வுக்கு, வரைந்த கோட்டின் மூன்று நகல்களை 4, 16, 64 பிக்சல் பிளர் செய்து, பெரிது ஆக ஆக மங்கலாக்கி அடுக்குங்கள். ஒரே பெரிய பிளரைவிட இது இயல்பாக இருக்கும். பாத்திரத்தின் மேல் எஃபெக்ட்டின் நிறத்தில் ஒரு விளிம்பு ஒளியைத் தனி லேயரில் வரையுங்கள். அந்த லேயர் இல்லாமல் எவ்வளவு அழகான வெடிப்பும் பின்னால் தொங்கும் திரைச்சீலைதான்.

இணையத்தில் கிடைக்கும் வெடிப்பு, கோள் படங்களைப் பயன்படுத்தலாமா?

உரிமத்தைப் படித்துவிட்டுப் பயன்படுத்தலாம். கிரியேட்டிவ் காமன்ஸில் சிசி0 என்றால் தடையில்லை. பிஒய் என்றால் டைட்டிலில் பெயர் போட வேண்டும். என்டி இருந்தால் மாற்றிச் சேர்க்க முடியாது, ஆகவே எஃபெக்ட் வேலைக்கு உதவாது. என்சி என்பது வணிக நோக்கத்துக்குத் தடை. விளம்பர வருமானம் வரும் இடத்தில் படத்தை ஏற்ற நினைத்தால் அதைத் தவிர்ப்பது நல்லது. நாசாவின் படங்கள் பொதுவாகக் காப்புரிமைக்கு உட்பட்டவை அல்ல, கோள்களின் டெக்ஸ்சருக்கு நல்ல ஊற்று. ஆனால் நாசாவின் சின்னத்தை உங்கள் விண்கலத்தில் ஒட்டக் கூடாது. எடுத்த நாளிலேயே கோப்பின் பெயரையும் உரிமத்தையும் ஒரு பட்டியலில் எழுதிவையுங்கள்.

வேகமான பளிச்சிடல்களுக்கு வரம்பு உண்டா?

உண்டு, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒளியால் வலிப்பு தூண்டப்படுபவர்கள் பார்வையாளர்களில் இருக்கலாம். திரையின் பெரும்பகுதி எந்த ஒரு விநாடியிலும் 3 முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது, அதாவது இரண்டு பளிச்சிடல்களுக்கிடையே குறைந்தது 8 ஃபிரேம். அடர்சிவப்புப் பளிச்சிடல்கள் கூடுதல் ஆபத்தானவை. அபாய விளக்குக் காட்சியில் சிவப்பு முழுத் திரையையும் நிரப்பி அணைந்து எரிவதற்குப் பதிலாக, ஒரு மூலையில் சுழலும் விளக்காக வைத்தால் பதற்றம் அப்படியே இருக்கும். தொடக்கத்தில் எச்சரிக்கை போட்டுவிட்டு அளவை மீறுவது தீர்வாகாது.

கணினியில் அருமையாக இருந்த படம் வீடியோவானதும் கெட்டுவிடுகிறதே?

இரண்டு கோளாறுகள் அடிக்கடி வரும். இருண்ட வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிவது முதலாவது. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், இருண்ட மெல்லிய நிறமாற்றத்துக்குள் அவற்றில் பத்துப் பதினைந்துதான் விழும். மெல்லிய கிரெய்ன் சேர்த்தால் பட்டைகள் உடைந்துவிடும். கிரெய்னையும் கம்ப்ரஷன் தின்றுவிடாமல் இருக்கத் தரத்தை உயர்த்துங்கள், எச்.264-இல் சிஆர்எஃப் (எண் குறையக் குறையத் தரம் கூடும்) 16 முதல் 18.

கறுப்புப் பின்னணியில் சிவப்பு, நீல மெல்லிய கோடுகளும் எழுத்துகளும் கசங்குவது அடுத்தது. வழக்கமான வீடியோ, நிறத் தகவலை அகலத்திலும் உயரத்திலும் பாதி அளவில்தான் சேமிக்கிறது, வெளிச்சத் தகவலை மட்டும் முழுதாக வைத்துக்கொள்கிறது. கட்டுப்பாட்டுத் திரைகளின் கோடுகளை 2 பிக்சலுக்குக் குறையாமல் வைத்து, அவற்றின் நடுவை வெள்ளைக்கு நெருக்கமாக்கி, நிறத்தை ஒளிவட்டத்தில் மட்டும் வையுங்கள். கூர்மை தப்பும்.

காப்புக்கு இறுதிப் படவரிசையையும் புரோரெஸ் 422 எச்க்யூ என்ற உயர்தர வீடியோ வகையில் ஒரு பிரதியையும் வைத்திருங்கள். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். 24 ஃபிரேமில் ஒரு ஃபிரேமுக்கு மிகச் சரியாக 2,000 ஒலிச் சாம்பிள் வருவதால் ஒத்திசைவு சரிபார்ப்பது எளிது. காற்று உள்ள கோளில் தூரத்து வெடிப்பென்றால் ஒலியைத் தள்ளி வையுங்கள். நம் பூமிக் காற்றில் ஒலி ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 14 மீட்டர்தான் போகும், 700 மீட்டர் தள்ளி நடப்பதற்கு 49 ஃபிரேம் தாமதம்.